ஓகேமலில் பேக்ட்ரேஸ் வருகிறது, ஆனால் சம்பந்தமே இல்லாத வரியைக் காட்டுகிறது

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்):
துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் மாமாவுக்காக ஓகேமல் என்ற ப்ரோக்ராமிங் மொழியில் எழுதிய கணக்கு ப்ரோக்ராம் இது. விடியற்காலை ஏலம் மும்முரமாக நடக்கும்போது ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஒரே வரி போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. ட்யூன் என்ற கருவி வழியாகத்தான் பில்ட் செய்கிறேன், அதனால் வரி விவரங்களைச் சேர்க்கும் மைனஸ் ஜி ஆப்ஷன் தானாகவே சேர்ந்துவிடுகிறது. ‘ஓகேமல்ரன்பாராம்’ வேரியபிளில் பி போட்டால், பிழை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸும் வருகிறது. ஆனால் அது காட்டுவது லாக் எழுதும் ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஒரு தேடலை! அங்கே வரும் எக்ஸப்ஷனை (பிழை அறிவிப்பை) அங்கேயே பிடித்துவிடுகிறேன், வெளியே வர வழியே இல்லை. அதோடு, கூடையைப் பதியும் ஃபங்ஷன் பட்டியலிலேயே காணோம். யாருக்காவது புரிகிறதா?

லாஸ்பேட்டைவாசி:
வெளியே எக்ஸப்ஷனைப் பிடிக்கும் ஒரு ட்ரை இருக்குமே, பிடித்த பின் ஓடும் அதன் வித் பகுதியில் என்ன செய்கிறீர்கள்?

கெடிலக்கரை:
ஃபைலை மூடுவேன், லாக் எழுதுவேன், அப்புறம் அதே எக்ஸப்ஷனைத் திரும்ப ரெய்ஸ் செய்வேன், அதாவது மறுபடி எறிவேன். அவ்வளவுதான்.

லாஸ்பேட்டைவாசி:
சரி, அங்கேதான் கோளாறு. ஓகேமல் பேக்ட்ரேஸை எக்ஸப்ஷனோடு சேர்த்து வைப்பதில்லை, ப்ரோக்ராமை ஓட்டும் ரன்டைமில் உள்ள ஒரே பஃபரில் எழுதி வைக்கிறது. உங்கள் லாக் ஃபங்ஷன் உள்ளே இன்னொரு நாட் ஃபவுண்டை எறிந்து பிடித்ததுமே பழைய தடம் அழிந்து புதியது ஏறிவிட்டது. நாட் ஃபவுண்டுக்கு ஆர்க்யுமென்ட் கிடையாது, இதுவும் அதுவும் ஒன்றேதான், அதனால் நீங்கள் திரும்ப ரெய்ஸ் செய்யும்போது ரன்டைம் சந்தேகமே படாமல் அந்தத் தப்பான தடத்திலேயே மேலே எழுதிக்கொண்டு போகிறது. வித் பகுதியின் முதல் வேலையாக ‘ப்ரின்டெக்ஸ்சி’ மாட்யூலின் ‘கெட் ரா பேக்ட்ரேஸ்’ கூப்பிட்டு எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ‘ரெய்ஸ் வித் பேக்ட்ரேஸ்’ போடுங்கள், 4.05 முதலே இருக்கிறது. ஃபைலை மூட மட்டும் என்றால் 4.08-இல் வந்த ‘ஃபன் ப்ரொடெக்ட்’ இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும்.

உப்பனாறு:
காணாமல் போன ஃபங்ஷனுக்குக் காரணம் வேறு தம்பி. அதன் கடைசி வேலை இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடுவதாக இருந்தால் அது டெயில் கால். கூப்பிடும்போதே, ஸ்டாக் என்ற அழைப்பு அடுக்கில் தனக்கான இடமான ஃப்ரேமைக் காலி செய்துவிட்டுப் போய்விடும், இல்லாத ஃப்ரேமை பேக்ட்ரேஸ் எப்படிக் காட்டும்? இதை பக் என்று சொல்ல முடியாது, தன்னையே கூப்பிட்டு லட்சம் முறை சுற்றும் ரிகர்ஷன் ஸ்டாக்கை நிரப்பாமல் ஓடுவதே இதனால்தான். பிழையைத் தேடும்போது மட்டும் அந்த அழைப்பை ‘சிஸ் ஒபேக் ஐடென்டிட்டி’க்குள் போட்டுப் பாருங்கள், ஃப்ரேம் நிற்கும். தேடி முடித்ததும், சுற்றும் ஃபங்ஷனிலிருந்து அதை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

கெடிலக்கரை:
அருமை அண்ணா, இப்போது சரியான வரி வருகிறது. புதுப் படகு ஒன்றின் பதிவெண், ப்ரோக்ராம் தேடும் மேப் என்ற அட்டவணையில் இல்லை. ஆனால் மாமாவின் கம்ப்யூட்டரில் சர்வீஸாக ஓடும்போது மட்டும் பேக்ட்ரேஸே வருவதில்லையே?

லாஸ்பேட்டைவாசி:
டெர்மினலில் வைத்த வேரியபிள் சர்வீஸுக்குப் போகாது. ப்ரோக்ராம் தொடக்கத்திலேயே ‘ரெக்கார்ட் பேக்ட்ரேஸ் ட்ரூ’ என்று போட்டுவிடுங்கள். படகுத் தேடலை ‘ஃபைன்ட் ஆப்ட்’ ஆக்கிவிட்டால் எதுவும் கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும் ‘நன்’ வரும் இடத்தையும் கையாளச் சொல்லி கம்பைலரே பிடித்து நிறுத்தும், நான் நாட் ஃபவுண்டை என் கோடில் வைப்பதே இல்லை.

உப்பனாறு:
ஹாஸ்கெல் மொழியில் இதைவிடத் திண்டாட்டம். தேவைப்படும்போதுதான் கணக்கிடும் சோம்பேறி மதிப்பீடு என்பதால் ஸ்டாக்கில் இருப்பது யார் கூப்பிட்டார் என்பதல்ல, யாருக்கு மதிப்பு தேவைப்பட்டது என்பதுதான். ப்ரொஃபைலிங் பில்ட் போட்டு எக்ஸ்சி ஃப்ளாகோடு ஓட்டினால் ஓரளவு தெரியும்.