மார்க்கெட் தெருவில் ஐயா படுத்த இடம்

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பச்சி (எங்கள் அப்பா) வந்து இருபது நாளாயிற்று. சிங்கப்பூரில் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிவிட்டேன். டேங்க் ரோடு முருகனைத் தவிர வேறு எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. "மார்க்கெட் தெருவுக்கு எப்பக் கூட்டிட்டுப் போறே?" என்று தினமும் காலையில் காப்பியோடு ஒரு கேள்வி. அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் வங்கியும் ஆபீசும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பாரா? போன செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, 1938இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். கொண்டுவிக்கப் போனால், அதாவது கடல் கடந்து வட்டிக்கடை வேலைக்குப் போனால், மூன்று வருஷக் கணக்கு. முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். கணக்கு முடிந்தும் மாற்றாள் வரத் தாமதமாகி ஐயா அங்கேயே இருந்தார். 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டான். அதற்கப்புறம் கடுதாசி இல்லை, பணம் இல்லை, ஆள் இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. அப்பத்தா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே மூன்றரை வருஷத்தைத் தள்ளினார். 1946இல் ஐயா வந்து முகப்பில் நின்றபோது அப்பச்சிக்கு எட்டு வயது. கப்பல் ஏறி நான்கு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளை. "யாரோ வந்திருக்காக ஆத்தா" என்று உள்ளே ஓடினாராம்.

ஐயா கொண்டுவந்தது ஒரு கைப்பெட்டியும் ஒரு கட்டு வாழைமர நோட்டும். ஜப்பான்காரன் அடித்த பத்து டாலர் நோட்டு அது. கடன் வாங்கியவர்கள் சண்டைக்காலத்தில் அந்த நோட்டைக் கொடுத்தே கணக்கைத் தீர்த்தார்கள். சண்டை முடிந்ததும் அது வெறும் காகிதம். நானும் தங்கச்சியும் பட்டாலையில் கடை வைத்து விளையாடியது அந்தக் கட்டை வைத்துத்தான். இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, மார்க்கெட் தெருவுக்கு வருகிறேன். 1970களில் அந்த வட்டாரத்தை மாற்றிக் கட்டத் தொடங்கியதும், வட்டிக்கடைக்காரர்கள் ஒன்றாகத் தொழில் செய்து தங்கியிருந்த கிட்டங்கிகள் போய்விட்டன. 1984இல் கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் வந்தது. மாடியில் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. 2017இல் அதுவும் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. அதன் 51ஆம் மாடித் தோட்டத்துக்கு வேலை நாட்களில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஏறலாமாம். அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் ஆபீசுக்குப் போகிறேன், எனக்கே இது தெரியாது. அப்பச்சி வாசலில் நின்ற காவலாளியிடம் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மேலே கீரைப் பாத்திகளைப் பார்த்ததும் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை. கடலில் வரிசையாகக் கப்பல்கள். அதிலும் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. "கீழே போவமா?" என்றார்.

கீழே வந்து நடைபாதையில் கைத்தடியைக் கிடத்தி இரண்டு தடவை அளந்தார். "நீளத்துக்கு ரெண்டு தடி, அகலத்துக்கு ஒண்ணு. ஐயா சொன்ன கணக்கு இதுதான்" என்றார். கிட்டங்கியில் ஒரு ஆளுக்கு அவ்வளவுதான் இடமாம். பகலில் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வட்டிக்கணக்கு, ராத்திரி பெட்டியைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் பாய். பக்கத்துப் பாயில் இன்னொரு கடைக்காரர். எட்டு வருஷம். சாப்பாட்டு நேரம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் அந்தத் தடியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒரு பெண் குனிந்து எடுத்துக் கொடுக்க வந்தாள். கீழே விழுந்துவிட்டது என்று நினைத்தாள் போல.

அப்புறம் அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்து கொண்டுபோயிருந்த சீப்புச்சீடையைத் தின்றோம்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. ஐயா இருந்த கிட்டங்கியின் கதவு எண் அப்பச்சிக்கு நினைவில்லை. நம்மூர் ஆட்கள் நாலைந்து பேர் ஒன்றாக இருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறார். உங்கள் வீட்டு மேல்மாடிப் பெட்டிகளில் பழைய கடுதாசி உறை, பேரேடு ஏதாவது கிடந்தால், மார்க்கெட் தெரு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எண்ணை மட்டும் எழுதினால் போதும். அப்பச்சிக்கு அடுத்த மாதம் 9ஆம் தேதி டிக்கெட். அதற்குள் கிடைத்தால் இன்னொரு தடவை கூட்டிப்போவேன்.