எட்டுப் புள்ளிகள் பின்தங்கியவர் எப்படி நாட்டின் சாம்பியன்?

நொய்யல்கரை:
நேற்று இங்கே ஒருவர், "தமிழ்நாட்டிலிருந்து இந்திய கால்பந்து சாம்பியன் ஆன ஒரே அணி சென்னையின் எஃப்.சி., அதுவும் இரண்டு முறை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஐ-லீக் என்ற தேசிய லீக் தொடரில், 2018-19இல் 20 ஆட்டங்கள் ஆடி, 43 புள்ளிகள் எடுத்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய சென்னை சிட்டியை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைத்தீர்கள்? சென்னையின் எஃப்.சி. ஆடியது அதற்கு இணையாக நடந்த இன்னொரு தொடரான இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.); அதன் 2017-18 லீக் சுற்றில் எடுத்தது 32 புள்ளிகள். பெங்களூரு 40. எட்டுப் புள்ளிகள் பின்னால் நின்றவர் எப்படி நாட்டின் சாம்பியன்? அந்தக் கோப்பையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், பட்டத்தை விடுங்கள்.

மெரினா அரங்கம்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 2017-18இல் ஐ.எஸ்.எல். விதி என்ன? முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும், இறுதிப் போட்டியில் வென்றவர் சாம்பியன். முதல் ஆட்டத்துக்கு முன்பே பத்து அணிகளுக்கும் தெரிந்த விதி அது. 2018 மார்ச் 17, கண்டீரவா அரங்கம், பெங்களூருவின் சொந்த மண். ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர்களின் சேத்ரி கோல் அடித்தார். எங்கள் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டித் திருப்பிக் கொடுத்தார், அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3-2. உங்கள் எட்டுப் புள்ளிக்காரர்களை அவர்கள் வீட்டிலேயே வைத்து வென்றோம். இதற்குமேல் என்ன வேண்டும்?

நொய்யல்கரை:
ஒரு மாலையில் நன்றாக ஆடினீர்கள். மறுக்கவில்லை. 18 ஆட்டங்களில் ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி. எட்டுப் புள்ளிகள்.

தாமிரபரணி:
முதலில் 'நாட்டின் சாம்பியன்' என்றால் லீக் பட்டியலில் முதலிடமா, இறுதிப் போட்டி வெற்றியா, அல்லது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அங்கீகரித்த தொடரின் வெற்றியா என்று முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

மெரினா அரங்கம்:
நொய்யல்கரைக்கு 2015 நினைவிருக்கிறதா? டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மூழ்கிக் கிடந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. சொந்த அரங்கில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். பிறகு கோவாவில் இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது 1-2 என்று பின்தங்கினோம். கோவா கோல்கீப்பர் கையால் ஒரு சொந்தக் கோல், அடுத்து மென்டோசா. 3-2. அழுதுகொண்டே பார்த்த மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் வந்து 'அது சாம்பியன் பட்டம் இல்லை' என்று சொல்லிப் பாருங்கள்.

நொய்யல்கரை:
வெள்ளத்தையும் புள்ளிப் பட்டியலையும் ஏன் குழப்புகிறீர்கள்? வெள்ளத்தில் தவித்தவர்களுக்கு அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்று எனக்கும் தெரியும். ஆனால் 2015 ஐ.எஸ்.எல். எட்டு அணிகள், இரண்டரை மாதத் தொடர். அன்று ஆசியக் கூட்டமைப்பு அதை லீக்காகவே ஏற்கவில்லை. அந்த ஆண்டின் இந்திய சாம்பியன் மோகன் பகான். ஐ-லீக் வென்றவர்கள்.

2017-18இலும் நாட்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதனால்தான் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு மினர்வா போனது. சென்னையின் போனது அடுத்த படியில் உள்ள ஏ.எஃப்.சி. கோப்பைக்கு. எங்கள் சென்னை சிட்டி 2020 ஜனவரியில் பஹ்ரைன் போய் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. தோற்றாலும் போனது. ஏன் போனது? இந்திய சாம்பியன் என்பதால் போனது.

கொல்கத்தாவில் 35 ஆண்டு:
தம்பிகளா, இரண்டு பேரும் 2014இல்தான் இந்தியாவில் பந்து உருட்டத் தொடங்கினார்கள் என்பதுபோலப் பேசுகிறீர்கள். தேசிய லீக் 1996-97இலேயே வந்துவிட்டது. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. அதற்கும் முன்னால் 1977 முதல் ஃபெடரேஷன் கோப்பை, முதலில் வென்றது பெங்களூரு ஐ.டி.ஐ. ஈஸ்ட் பெங்கால் மூன்று முறை தேசிய லீக் வென்றது, அதில் இரண்டு அடுத்தடுத்து, 2002-03இலும் 2003-04இலும். இந்தியன் பேங்க் அணி சென்னையிலிருந்து தேசிய லீக்கில் ஆடியதை இங்கே ஒருவராவது பார்த்ததுண்டா?

அப்புறம் அந்த ஒரு புள்ளி. 2019 மார்ச் 9, ஐ-லீக்கின் கடைசி நாள். கோழிக்கோட்டில் கோகுலம் அணியை எங்கள் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று வென்றது. வென்றும் பட்டம் கிடைக்கவில்லை. இன்றுவரை அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

நொய்யல்கரை:
ஐயா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அதே நேரத்தில் நான் கோவை நேரு அரங்கத்தின் சிமெண்ட் படியில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்கிய சூடு ஆறுவதற்குள் சென்னை சிட்டிக்கு எதிராக மினர்வா கோல் அடித்துவிட்டது. அரங்கம் முழுவதும் அப்படியே அடங்கிப்போனது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் கைபேசியில் கோழிக்கோடு நிலவரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து மைதானத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. இடைவேளைக்குப் பிறகு பெனால்டி. பெட்ரோ மான்சி அடித்தார். அது அவருக்கு அந்தப் பருவத்தின் 21ஆவது கோல். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று, கடைசி நிமிடங்களில் இன்னொன்று. 3-1. அந்தப் பெரியவர் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, யாரென்றே தெரியாத என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதைப் பார்த்தவனிடம் வந்து 'தமிழ்நாட்டின் ஒரே சாம்பியன் சென்னையின்' என்றால் எப்படிப் பொறுப்பேன்?

மெரினா அரங்கம்:
பெயர் சென்னை சிட்டி, ஆடுவது கோயம்புத்தூரில். முதலில் உங்கள் அணி எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. 2018-19இல் சேத்ரி எங்கே ஆடினார்? ஜிங்கன் எங்கே? குர்பிரீத் எங்கே? எல்லோரும் ஐ.எஸ்.எல்.லில். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இல்லாத தொடரை வென்றுவிட்டு நாட்டின் சாம்பியன் என்கிறீர்கள்.

நொய்யல்கரை:
ஊரைப் பற்றிப் பேசுகிறீர்களா? சென்னையில் காலியான அரங்கில் ஆடிய அணி எங்கள் ஊருக்கு வந்துதான் ரசிகர் கூட்டத்தைப் பார்த்தது. கோவை அதைத் தூக்கி வளர்த்தது.

ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுகிறீர்களா? அக்பர் நவாஸ் பயிற்சியில் அந்த அணியில் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பாலை அடுத்த பருவமே தூக்கிக்கொண்டு போனது யார்? சென்னையின். ரோமாரியோ ஜேசுராஜை எடுத்தது கோவா. தகுதியில்லாத தொடரில் ஆடியவர்களை ஏன் வாங்கினீர்கள்?

உங்கள் எட்டுப் புள்ளிக்கு இன்னும் பதில் வரவில்லை. 2019-20இல் ஐ.எஸ்.எல். நிர்வாகமே லீக் சுற்றில் முதலிடம் பெறும் அணிக்குக் கேடயம் கொடுக்கத் தொடங்கியது. முதல் கேடயம் கோவாவுக்கு. ஆசிய சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குப் போனதும் கேடயம் வென்ற கோவாதான், அந்த ஆண்டு கோப்பையை வென்ற கொல்கத்தாவின் ஏ.டி.கே. இல்லை. பட்டியலில் முதலிடம்தான் பட்டம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

மெரினா அரங்கம்:
2019-20இல் வந்த கேடயத்தை வைத்து 2018இன் கோப்பையை அளக்கிறீர்கள். விதியைப் பின்னோக்கி எழுதுவது எந்த ஊர் நியாயம்? கோவை நியாயமா?

பச்சை மெரூன்:
2019-20 பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த ஆண்டு ஐ-லீக் சாம்பியன் எங்கள் மோகன் பகான். 16 ஆட்டங்களில் 39 புள்ளிகள். நான்கு ஆட்டங்கள் மீதி இருக்கும்போதே யாரும் எட்ட முடியாத உயரம். அதையும் பட்டியலில் சேருங்கள்.

கொல்கத்தாவில் 35 ஆண்டு:
அதை எப்படிச் சேர்ப்பது? அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். முதல் நிலை லீக் ஆகிவிட்டது. கொரோனாவால் நின்றுபோன தொடர் வேறு.

பச்சை மெரூன்:
இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 23 புள்ளிகள். 16 புள்ளிகள் வித்தியாசம். நான்கு ஆட்டத்தில் 16 புள்ளிகள் எடுக்கும் கணக்கை ஐயா சொல்லித் தரட்டும்.

கொல்கத்தாவில் 35 ஆண்டு:
முதல் தேசிய லீக்குக்குத் தகுதியே பெறாத அணியின் ஆள் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்.

பச்சை மெரூன்:
ஐ-லீக் என்று பெயர் மாறிய பிறகு ஒரு முறைகூட வெல்லாத அணியின் ஆள் இதைச் சொல்கிறார்.

நொய்யல்கரை:
கொல்கத்தாச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்.

மெரினா அரங்கம்:
ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டுவிட்டீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் சாம்பியன் இன்று எங்கே? களத்திலேயே இல்லை. நாங்கள் இருக்கிறோம்.

நொய்யல்கரை:
ஜே.சி.டி. இன்று இருக்கிறதா? மஹிந்திரா யுனைடெட் இருக்கிறதா? 2005-06 தேசிய லீக் சாம்பியன் என்ற பட்டியலிலிருந்து மஹிந்திராவின் பெயரை யாராவது அழித்தார்களா? அணி அழியலாம், பட்டியல் அழியாது. எங்கள் அணி இல்லை என்பதை நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த அரங்கத்தைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

தாமிரபரணி:
நான் மேலே கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மெரினா அரங்கம்:
இரண்டு கோப்பைகள். இரண்டும் சென்னையில் இருக்கின்றன.

நொய்யல்கரை:
எட்டுப் புள்ளிகள். நாளை 2017-18 பட்டியலை ஆட்டம் ஆட்டமாக எழுதிப் போடுகிறேன். சென்னையின் எங்கெங்கே புள்ளி இழந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.