ஒரே டிஸ்க்குக்கு நாலு பெயர், எதைக் கழற்றுவது?

ஜெலுத்தோங் பையன்:
வணக்கம். ஜார்ஜ் டவுனில் மாமாவின் அச்சுக்கடை சர்வரில் உபுண்டு ஓடுகிறது. சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி. கல்யாண கார்டு ஃபைல்களுக்கு ரெய்டு 1-இல் (ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும்) இரண்டு 4 டிபி டிஸ்க், இரண்டும் ஒரே மாடல். நேற்றிலிருந்து கெர்னல் லாக்கில், அதாவது சிஸ்டத்தின் உள்பதிவில், எரர். ஒரு வரியில் "ஏடிஏ3.00", அடுத்ததில் "2:0:0:0", அப்புறம் "எஸ்டிபி", கடைசியில் "எம்டி0". ஏடிஏ3 என்றால் மூன்றாவது டிஸ்க், அதாவது எஸ்டிசி என்று நினைத்துக் கழற்றப் போனேன். "பேக்கப் இருக்கா?" என்று மாமா கேட்டார். கை நின்றுவிட்டது.

பிறை அண்ணன்:
மாமாவுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடு தம்பி. நல்ல டிஸ்க்கைப் பிடுங்கியிருப்பாய்.

ஏடிஏ3 என்பது டிஸ்க்கின் பெயரே இல்லை, மதர்போர்டில் உள்ள சாட்டா போர்ட்டின் எண். போர்ட் காலியாக இருந்தாலும் எண் உண்டு. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற எழுத்துகளோ, கண்டுபிடிக்கப்பட்ட டிஸ்க்குகளுக்கு மட்டும் வரிசையாகப் போகும். அடுத்த தடவை பூட் ஆகும்போது மாறவும் கூடும். 2:0:0:0 என்பது ஸ்கஸி முகவரி, அதாவது டிஸ்க்குகளைக் கையாளும் கெர்னல் அடுக்கு கொடுக்கும் எண்; முதல் 2 ஹோஸ்ட் எண். அது 0-இலிருந்து எண்ணும், ஏடிஏ 1-இலிருந்து. அதனால்தான் அங்கே 3, இங்கே 2, இரண்டும் ஒரே இடம். ஆனால் இந்தக் கழித்தல் கணக்கை எல்லா மெஷினிலும் நம்பாதே. சிஸ் (/sys) அடைவில் பிளாக் (block) என்ற ஃபோல்டரில் எஸ்டிபி-யின் லிங்க் எங்கே போகிறது என்று பார். ஏடிஏ3, ஹோஸ்ட்2, எஸ்டிபி மூன்றும் ஒரே பாதையில் வரும்.

பட்டர்வொர்த் அக்கா:
எல்லா வரியிலும் சீரியல் எண்ணையே போட்டால் என்ன குறைந்துவிடும்? இது எனக்குப் பழைய எரிச்சல்.

பிறை அண்ணன்:
எரிச்சல் நியாயம்தான் அக்கா. ஆனால் போர்ட்டில் இணைப்பே கிடைக்காதபோது எந்தச் சீரியலைப் போடுவது? எம்டி0 என்பது ரெய்டின் பெயர், அதில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, அதற்கு எது? ஒவ்வொரு அடுக்கும் தன் கைக்கு எட்டிய பொருளின் பெயரைச் சொல்கிறது. எனக்கு அந்த வித்தியாசமே உதவுகிறது. தம்பி, ஏடிஏ3 வரிகளில் "பேட் சிஆர்சி" (வழியில் டேட்டா கெட்டுவிட்டது) என்று இருக்கிறதா? இருந்தால் டிஸ்க்கை விடு, கேபிளைப் பார். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199 என்ற எண்ணுள்ள வரியையும் பார், அது இந்த சிஆர்சி எரர்களின் எண்ணிக்கை.

ஜெலுத்தோங் பையன்:
அண்ணே, இருக்கிறது! ஏடிஏ2 போர்ட் காலி, அதனால்தான் என் கணக்கு தப்பியது. எஸ்டிபி-யின் 199 வரியில் 212, எஸ்டிசி-யில் 0. கொம்தார் பக்கம் போய் கேபிள் வாங்கி மாற்றினேன். ராத்திரி முழுக்க ஃபைல்களைக் காப்பி செய்தும் எரர் இல்லை. இரண்டு டிஸ்க்கிலும் சீரியலின் கடைசி நாலு எழுத்தை மார்க்கரால் எழுதிவிட்டேன். அந்த 212 எப்போது 0-க்குத் திரும்பும்?

பிறை அண்ணன்:
திரும்பாது. 213 ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார். அப்புறம், அந்த பேக்கப்?