சால்வை சரி, அப்புறம்? நம்ம சபை ஐயர்களை, அதாவது போதகர்களை, எப்படித் தாங்குகிறோம் என்பது பற்றிச் சில அனுபவங்கள்

குடியாத்தம் பக்கத்துக்காரர்:
எங்கள் குருசேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) பல கிராம சபைகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஐயர். ஞாயிறு காலை ஒரு ஊரில் ஆராதனை முடிந்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு பைக்கில் கிளம்பிவிடுவார். நம்ம மே மாத வெயில் தெரியுமே! கிறிஸ்துமஸ், புது வருஷம், அறுப்பின் பண்டிகை என்று சபைகள் போர்த்திய சால்வைகள் அவர் பீரோவை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. பண்டிகை ஏலத்தில் ஒரே நாட்டுக்கோழியை மூன்று பேர் மாறிமாறி எடுப்பார்கள். மாதச் சந்தா கேட்டால் மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்."

பஞ்சர் கடை வைத்திருக்கும் எங்கள் சபைத் தம்பி ஒருநாள் ஐயர் வண்டியின் பின் டயரைப் பார்த்துவிட்டு கமிட்டியில் சத்தம் போட்டான்: "இதுல நீங்க ஏறிப் போவீங்களா?" அந்த வருஷம் சால்வைப் பணத்தில் இரண்டு டயர் வாங்கினோம். "மேடையில டயரையா போர்த்துவீங்க?" என்று ஒரு பெரியவர் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருந்தார்.

ராணிப்பேட்டை அக்கா:
என் மாமனாருக்கு வேலூர் சிஎம்சியில் ஆபரேஷன் நடந்தபோது, விடிவதற்குள் ஐயர் வந்துவிட்டார். அவர் மனைவி, எங்கள் ஐயரம்மா, பிளாஸ்கில் காபி கொடுத்தனுப்பியிருந்தார். தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவரும்வரை எங்களோடேயே உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கத்து ஐயர்களுக்கு இது பாதி வேலை. யார் வீட்டில் யார் அட்மிட் ஆனாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும்.

ஆனால் ஐயரம்மாவே படுத்தபோது யார் போனோம் சொல்லுங்கள்? "அவங்க ஜெபிக்கிறவங்க, சமாளிச்சுப்பாங்க" என்று ஒரு நினைப்பு. நல்லவேளை, பெண்கள் ஐக்கியத்தில் மூன்று நான்கு பேர் முறை வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். அந்தப் பிடியரிசியில்தான் அன்றைய உபதேசியார் (கிராமச் சபை ஊழியர்) வீட்டு அடுப்பே எரிந்தது. இந்தப் பக்கத்தில் சபைகளை நிறுவிய அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது என்று விழா மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பானையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காட்பாடி வாசகர்:
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கனம் பண்ணுவது வேறு, காலில் விழுவது வேறு. சபையை நன்றாக விசாரணை செய்கிற மூப்பர்களுக்கு (சபைத் தலைவர்களுக்கு) இரட்டிப்பான கனம் என்று வேதத்தில் 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. அதே அதிகாரம், இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் அவர்கள்மேல் பிராது எடுக்காதே என்றும், பாவம் செய்தவர்களை எல்லார் முன்னாலும் கடிந்துகொள் என்றும் சொல்கிறது. எங்கள் பழைய ஐயர் காணிக்கைக் கணக்கை அவரே கேட்டு வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வைப்பார். அவர்மேல் ஒரு வதந்தி கிளம்பியபோது, "கணக்கு போர்டில் இருக்கு, போய்ப் பாரு" என்று சபையாரே வாயை அடைத்தார்கள். டயரைவிட இதுதான் பெரிய ஆதரவு என்பேன்.

சத்துவாச்சாரியிலிருந்து:
ஓய்வு பெற்றவர்களையும் மறக்காதீர்கள். வேலையில் இருக்கும்வரை சபை வீடு. ஓய்வு பெற்றதும் காலி செய்து வாடகை வீடு தேட வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார், கண் பார்வை மங்கிவிட்டது. வாலிபர் சங்கப் பையன்கள் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறார்கள். அவர் முதலில் கேட்பது கிரிக்கெட் பக்கத்தைத்தான்.