சாண எரிவாயுவில் 5 ஹெச்பி டீசல் எஞ்சின்: கால் மணி நேரத்தில் இழுவை போகிறது, உதவுங்கள்

கோபி பால்பண்ணை:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் 12 மாடு வைத்துப் பால்பண்ணை நடத்துகிறோம். தீனபந்து மாடல் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. அந்த காஸில் கிணற்று பம்பை ஓட்டலாம் என்று 5 ஹெச்பி ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் ஏற்பாடு செய்தோம். ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே டீ பைப் (T வடிவ இணைப்பு) வைத்து, ஒரு வால்வு போட்டு காஸ் ஹோஸை இணைத்திருக்கிறது.

டீசலில் ஸ்டார்ட் செய்து காஸைத் திறந்தால் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, புகையும் குறைகிறது. அப்புறம் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது. ஹோஸுக்குள் கொடகொடவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் இழுவை போய், தொட்டியில் விழும் தண்ணீர் பாதியாகிவிடுகிறது. டீசல் மிச்சமாகட்டும் என்று பட்டறைக்காரர், வேகத்துக்குத் தக்கபடி டீசலைக் கூட்டிக் குறைக்கும் கவர்னரின் ராடைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார். டீசலை முழுவதும் அடைத்தால் எஞ்சினே நின்றுவிடுகிறது. ஸ்பார்க் பிளக் போட்டால் டீசலே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் மெக்கானிக்:

முதலில் அந்தக் கம்பியை அவிழ்த்துவிடுங்க அண்ணா. மற்றதெல்லாம் பிறகு. காஸ் உள்ளே போனதும் எஞ்சின் வேகமெடுக்கப் பார்க்கும், கவர்னர் தானாகவே டீசலைக் குறைத்துக்கொள்ளும். காஸ் குறைந்தால் டீசலைக் கூட்டி ஈடுகட்டுவதும் அதுதான். ராடைக் கட்டிவிட்டால் எப்படிக் கூட்டும்? இழுவை போவதற்குக் காரணம் இதுதான். பெல்ட் கழன்றாலோ பம்பு தண்ணீர் எடுக்காமல் போனாலோ வேகத்தைப் பிடித்து நிறுத்தவும் ஆள் இருக்காது. ஆபத்தான வேலை.

கொடகொட சத்தம் தண்ணீர்தான். கலனிலிருந்து வருவது ஈரமான காஸ். ஹோஸ் தொய்ந்து கிடக்கும் இடத்தில் நீர் தேங்கி காஸ் விட்டு விட்டு வரும். அதனால்தான் வேகம் ஏறி இறங்குகிறது. பைப்பை ஒரே சரிவாகக் கொண்டுவந்து, ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டீயும் வடிகால் குழாயும் போடுங்கள். தினமும் ஓட்டுவதற்கு முன் திறந்து வடியுங்கள்.

ஓய்வுபெற்ற வேளாண் பொறியாளர்:

மெக்கானிக் சொன்னது முழுக்கச் சரி. ஏன் என்று கொஞ்சம் விளக்குகிறேன், தம்பி.

டீசல் 250 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே தானாகப் பற்றிக்கொள்ளும். மீத்தேன் பற்ற 540 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் எஞ்சினின் அழுத்தச் சூட்டில் டீசல் பற்றும், காஸ் பற்றாது. கொஞ்சம் டீசல் தெளித்தால்தான் அது தீக்குச்சிபோல நின்று காஸைப் பற்றவைக்கும். டீசலை அடைத்ததும் எஞ்சின் நின்றது அதனால்தான். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. 70 சதவீதம்வரை டீசல் மிச்சமானாலே நல்ல பலன். அதற்கு மேல் கசக்க வேண்டாம். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையைக் குளிர்விப்பதும் அதன் வழியாகப் போகும் டீசல்தான். அது மிகவும் குறைந்தால் முனை சூடேறிக் கரி பிடித்துவிடும்.

அடுத்தது கலன். தீனபந்துவில் காஸ் சேரும் டோம் அசையாது, அதனால் காஸ் நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம், செலவாகச் செலவாக இறங்கிவிடும். ஆரம்பத்தில் வைத்த வால்வு கால் மணி நேரம் கழித்துப் பொருந்தாது. எஞ்சினுக்கு முன்னால் ஒரு காஸ் பலூன் பை வைத்தால் அழுத்தம் சீராகும். ஒற்றை சிலிண்டர் விட்டு விட்டு இழுக்கும் இழுப்பையும் அது தாங்கிக்கொள்ளும். பை திறந்த கொட்டகையில் இருக்கட்டும், சைலன்சரை விட்டு நன்றாகத் தள்ளி. இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவி கசிவு பாருங்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் காஸ். மாட்டுக்கு 10 கிலோ என்றால் 12 மாட்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 4.8 கன மீட்டர். ஒரு ஹெச்பிக்கு மணிக்கு ஏறக்குறைய 0.45 கன மீட்டர் ஆகும், 5 ஹெச்பிக்கு 2.25. சமையலுக்கு எடுக்காவிட்டாலே இரண்டு மணி நேர ஓட்டம்தான். இதற்காக ஸ்பார்க் பிளக் மாற்றம் செய்யச் சொல்ல மாட்டேன். அதற்கு 17:1 அளவில் இருக்கும் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் விகிதத்தை) 11:1 அளவுக்கு இறக்க வேண்டும். பிஸ்டன், இக்னிஷன், காஸ் மிக்ஸர், த்ராட்டில் எல்லாம் மாறும். காஸ் தீர்ந்த நாளில் டீசலில் ஓட்டவும் முடியாது. சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து நாள் முழுக்க காஸ் கிடைக்கிறது. முழு காஸ் எஞ்சின் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கட்டுப்படியாகும்.

கோபி பால்பண்ணை:

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கம்பியை அவிழ்த்து, வடிகால் வைத்தாயிற்று. திறந்ததும் ஒரு சொம்பு அளவுக்குக் கறுத்த தண்ணீர் கொட்டியது. வேகம் இப்போது நிலையாக நிற்கிறது, தொட்டியில் தண்ணீரும் முழுதாக விழுகிறது. பலூன் பைக்குச் சொல்லியிருக்கிறோம். இன்னொரு சந்தேகம்: காஸ் வால்வை முழுக்கத் திறந்தால் தடதடவென்று அடிக்கிறது. எஞ்சின் ஆயிலும் சீக்கிரமே கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.

பல்லடம் மெக்கானிக்:

வால்வை முழுக்கத் திறக்கக் கூடாது அண்ணா. காஸ் அதிகமானால் காற்றுக்கு இடமில்லாமல் போகும். பம்பு லோடில் ஓடும்போது மெதுவாகத் திறந்துகொண்டே வந்து, அடிக்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் இப்படி அடிக்கும், அதையும் சுத்தம் செய்துவிடுங்கள்.

நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. பித்தளை புஷ்ஷையும் பேரிங்கையும் அரித்துவிடும். நான்கு அங்குல பிவிசி பைப் ஒரு கஜம் எடுத்து, லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளை நனைத்துத் துருப்பிடிக்கவிட்டு உள்ளே தளர்வாக நிரப்பி, காஸ் அதன் வழியாக வரும்படி இணையுங்கள். செம்பழுப்பாக இருக்கும் சுருள் கந்தகம் பிடிக்கப் பிடிக்கக் கறுக்கும். முழுக்கக் கறுத்ததும் வெளியே எடுத்துப் பரப்பி, தண்ணீர் தெளித்துக் காற்றில் போட்டால் மறுபடி பழுப்பாகும். அப்போது நன்றாகச் சூடேறும், வைக்கோல் போர் பக்கம் போட்டுவிடாதீர்கள்.

நிறுத்தும்போது காஸை முதலில் அடைத்து, ஐந்து நிமிடம் டீசலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். இப்போதுள்ள ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள். இனி டீசலில் மட்டும் ஓட்டும்போது மாற்றுகிற கெடுவுக்குப் பாதியிலேயே மாற்றுங்கள்.