நாலு சக்கர பெடல் வண்டி கட்ட பிளான் போட்டவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

செம்மண்ரோடு

ரெண்டு வருஷம் ஆச்சு, ஒருத்தர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் ஆரம்பிக்கிறேன். டிசைன் இதுதான், ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்து மிதிக்கிறது, பின்னாடி ஒரு சக்கரத்துல ஹப் மோட்டார் (சக்கரத்து நடுவுலயே இருக்கிற மோட்டார்), மேல கூரை. அம்மாவுக்கு முட்டி ரெண்டும் போச்சு, டூவீலர்ல ஏறி உக்கார முடியல, மலை ஏற முடியாட்டியும் குன்றக்குடி அடிவாரத்துல நின்னாச்சும் கும்பிடணும்ங்குறாங்க. காரைக்குடிலேர்ந்து பத்து கிலோமீட்டர்தானே, நாமளே வண்டி கட்டுனா என்னன்னு தோணுச்சு.

சார்ட் பேப்பர்ல அளவெல்லாம் போட்டு டிராக்டர் டிரெய்லர் கட்டுற பட்டறைக்கு கொண்டுபோனேன். பட்டறைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும், வெல்டிங் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் பக்கத்துல கிடந்த இரும்பு நாற்காலி, அதோட ஒரு காலுக்கு அடில மடிச்சு வச்சிருந்த பீடிக்கட்டு அட்டைய காலாலயே தள்ளி விட்டாரு. நாற்காலி டக்கு டக்குன்னு ஆடுச்சு.

"தம்பி, முக்காலி ஆடி பாத்திருக்கியா?"

இல்லைங்கய்யா.

"நாலு காலுன்னா ஒண்ணு தூக்கத்தான் செய்யும். உன் வண்டில எந்த காலு தூக்கும்?"

மோட்டார் இருக்கிற காலுதான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு, வாய் வரல. அவரு கண்ணாடிய இறக்கிட்டு வேலைய பாக்க போயிட்டாரு. படம் இன்னும் பரண்லதான் கிடக்கு.

புதுவயல்_பெடல்

அண்ணே உங்களுக்கு கேள்விதான் கிடைச்சுது, எனக்கு அனுபவமே கிடைச்சுது. நான் யாருட்டயும் கேக்காம சதுர பைப்புல கட்டிப்புட்டேன், ஃப்ரேம் கல்லு மாதிரி, அசையாது, அதுல எனக்கு ஒரே பெருமை வேற. முதல் நாளு வீட்டுக்காரிய ஏத்திக்கிட்டு சிமெண்ட் ரோட்டுலேர்ந்து சரளைக்கு இறங்குறேன், ஒரு முன் சக்கரம் பள்ளத்துல இறங்கவும் அதுக்கு எதிர் மூலையில மோட்டார் சக்கரம் அந்தரத்துல நின்னுக்கிட்டு உய்ய்ய்னு சுத்துது, வண்டி ஒரு இஞ்ச் நகரல. டீக்கடையில இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு வந்துட்டாங்க. அவ இறங்காம உக்காந்தே சிரிச்சா பாருங்க, அத இன்னிக்கும் மறக்க முடியல.

விடை டிராக்டர்லயே இருக்குண்ணே. முன் அச்சு நடுவுல ஒரே ஒரு பின்னுலதான் மாட்டியிருக்கும், பள்ளம் மேடுக்கு தகுந்தாப்புல அச்சு மட்டும் சாயும், நாலு சக்கரமும் தரைய விடாது. நானும் ஃப்ரேம அறுத்து அப்படித்தான் மாத்துனேன்.

சட்டம்_முக்கியம்

வெல்டிங் பத்தியே பேசுறீங்க, ரோட்டுல நிறுத்துனா என்ன சொல்லுவீங்க? என்னைய ஒரு தடவை நிறுத்துனாங்க, ரெண்டு நிமிஷம் சுத்தி சுத்தி பாத்துட்டு "இது என்னதுய்யா"ன்னு கேட்டுட்டு விட்டுட்டாங்க, என் கதை அம்புட்டுதான். ஆனா புதுசா கட்டுறவங்களுக்கு சொல்றேன் நல்லா கேட்டுக்குங்க. மோட்டாரோட முப்பது நிமிஷ பவர், அதாவது அரை மணி நேரம் தொடர்ந்து தர்ற பவர், 250 வாட்டுக்கு உள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்கு உள்ள, பெடல் அசிஸ்ட் சைக்கிள்னா (மிதிக்கும்போது மோட்டார் கூட உதவுறது) மிதிக்கிறத நிறுத்துனா மோட்டாரும் நிக்கணும், பிரேக், முன்னாடி வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னாடி சிவப்பு. இதெல்லாம் இருந்தா மோட்டார் வாகனம் இல்லைன்னு யூட்யூப்ல பாதியோட நிறுத்திடுவாங்க, டெஸ்டிங் ஏஜென்சி சரிபாத்து ஒப்புதல் தரணும்ங்கிறது அதே விதியில இருக்கு, அத ஒருத்தனும் சொல்றதில்ல. அதுலயும் சைக்கிள்னு எழுதுனவங்க மனசுல நாலு சக்கரம் இருந்திருக்காது. 1988 மோட்டார் வாகன சட்டத்துலயே, 25 சிசி வரைக்கும் இஞ்சின் இருந்தா மோட்டார் வாகனம் இல்லைங்கிற சலுகை நாலு சக்கரத்துக்கு குறைஞ்ச வண்டிக்குத்தான்னு இருக்கு. அதனால மூணு சக்கரமா கட்டுங்க, நாற்காலி பிரச்சினையும் போச்சு சட்டமும் பக்கத்துல வந்துரும். ஹாரனுக்கு பதிலா மணி வைங்க. கூரைய ரொம்ப உயரமா போடாதீங்க, ஆடி காத்துக்கு தாங்காது.

பழைய_போக்ஸ்_கம்பி

மேல உள்ள ஐயாவுக்கு, 25 சிசி இஞ்சின் வண்டிக்கு, கரண்ட் வண்டிக்கு சிசி ஏது? ரெண்டையும் கலக்காதீங்க. மூணு சக்கரம் கட்டுங்கன்னு ஈசியா சொல்லிட்டீங்க, வளைவுல கொஞ்சம் வேகமா திருப்பினா எப்படி கவுரும்னு என் முழங்கைய கேளுங்க.

நாலு சக்கரத்துலயும் ஒரு விசயம் இருக்கு. டூவீலர் வளைவுல சாயும், இது சாயாது, பக்கவாட்டு இழுவை முழுக்க போக்ஸ் கம்பில விழும். சாதா 26 இஞ்ச் சைக்கிள் ரிம் போட்டேன், ஒரே மாசத்துல எட்டு கம்பி போச்சு, டிங் டிங்னு ஒவ்வொண்ணா தெறிக்கும். 20 இஞ்சுக்கு மாறுங்க, கம்பி தடிமனா போடுங்க. 26 இஞ்சுக்கு 25 கிலோமீட்டர் ஓடுற மோட்டார 20 இஞ்சுல கட்டுனா 19தான் ஓடும், ஆனா இழுவை கூடும், நமக்கு வேண்டியது அதான்.

ஏன்னா வண்டி ஆளு பேட்டரி எல்லாம் சேத்து 190 கிலோ வச்சுக்குங்க, இருபது அடிக்கு ஒரு அடி ஏறுற பாலத்துல பத்து கிலோமீட்டர் வேகத்துக்கே 300 வாட் தாண்டி கேக்கும். மோட்டார் 250, மிச்சம் நம்ம காலு. 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 360 வாட் ஹவர், முழுசா முறுக்குனா ஒன்றரை மணி நேரம்கூட வராது. பேட்டரிய கூரைக்கு மேல வெயில்ல வச்ச ஒரு புண்ணியவானையும் பாத்துட்டேன், பேட்டரி ஆராய்ச்சி பண்ற சிக்ரி இருக்கிற ஊர்ல இப்படியா.

இன்னொண்ணு, பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஒரே ராடுல இறுக்காதீங்க, திரும்பும்போது உள் சக்கரம் தேயும். செயினை ஒரு சக்கரத்துக்கும் மோட்டார இன்னொண்ணுக்கும் குடுத்துருங்க, ரெண்டும் தனித்தனியா சுத்தட்டும். மோட்டார் அச்சுக்கு டார்க் ஆர்ம் (அச்சு சுத்தாம ஃப்ரேமோட பிடிச்சு வைக்கிற இரும்பு பட்டை) போடாம ஓட்டாதீங்க, நட்டு கழண்டா அச்சே சுத்தி ஒயர முறுக்கி அத்துப்புடும்.

ரெண்டாங்கட்டு

நான் கட்டவே இல்ல, கட்டுனது எங்க பெரியப்பா மகன். மழைக்காலம்னு செட்டிநாட்டு வீட்டுக்குள்ள ரெண்டாங்கட்டுல (பின்பக்க முற்றத்துல) வச்சு பத்து நாளு கட்டுனான். வெளிய எடுக்கணும்னு பாத்தா பின்பக்க வாசல் நிலைய விட வண்டி ஒரு முழம் அகலம். முன்பக்கம் வழியா எடுக்கலாம்னா வளவுல (முன்பக்க முற்றத்துல) தரை முழுக்க ஆத்தங்குடி கல்லு, கீறல் விழுந்தா பெரியம்மா ஆளையே வெளிய தள்ளிரும். அப்பத்தா தூணோரமா உக்காந்து வெத்தலை இடிச்சுக்கிட்டே "உள்ளயே ஓட்டுப்பா, நீள வீடுதானே"ன்னுச்சு. கடைசில கழட்டித்தான் எடுத்தோம்.

செம்மண்ரோடு

எல்லாத்தையும் படிச்சுட்டு நேத்து படத்தை எடுத்துக்கிட்டு மறுபடியும் அதே பட்டறைக்கு போனேன். நாற்காலி அங்கனயேதான் கிடக்கு, அட்டை மட்டும் புதுசு. முன் அச்சுக்கு நடுவுல ஒரு பின்னு போடலாம்ங்கய்யான்னேன். தலைய ஆட்டுனாரு, சிரிக்கல.

"பின்னு சரி. அச்சு எம்புட்டு சாயலாம், எங்க தடுத்து நிறுத்துவ?"

புதுவயல் தம்பி, நீங்க எங்க ஸ்டாப்பர் வச்சீங்க? திங்கக்கிழமை வாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.