தாய்க் கிணற்றில் முன்கூட்டித் தண்ணீர் ஏற்றுவது வேலைக்கு ஆகுமா?

ஷேல்வாசி:
பேச வசதியாக ஒரு நிலவரம். ரெண்டு வருஷம் உற்பத்தி கொடுத்த தாய்க் கிணறு (ஷேல் பாறையில் முதலில் போட்ட பழைய எண்ணெய்க் கிணறு), ஆழம் 10,000 அடி. பாறையின் நுண்துளைகளில் உள்ள அழுத்தம் 6000 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) இருந்து 3000க்கு இறங்கியாச்சு. 660 அடி தள்ளி சேய்க் கிணறு (பக்கத்தில் போட்ட புதுக் கிணறு) ஃப்ராக் ஆகப் போகுது, அதாவது தண்ணீரையும் மணலையும் உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் போடப் போறாங்க. துளை அழுத்தம் இறங்கினால் கிடைத்தகைவும் (பாறையைப் பக்கவாட்டில் அழுத்தும் நெருக்கம்) கூடவே இறங்கும், அந்த 3000 இறக்கத்தில் 0.6 மடங்கு என்று வைத்தால் 1800 பிஎஸ்ஐ குறையும். புது விரிசல் லேசான பக்கமாகவே ஓடும், எதிர்ப்பக்கம் குட்டையாக நின்றுவிடும். அதனால் முதலில் தாயில் தண்ணீர் ஏற்றி அழுத்தத்தைத் தூக்கணும் என்பது என் கட்சி.

நானோடார்சி:
கணக்கு இடிக்குதே. நானோடார்சி பாறையில் (திரவத்தை ஊடே விடவே விடாத இறுக்கமான பாறை) ரெண்டு வருஷம் வடிந்ததை ரெண்டு வாரத்தில் திருப்பி நிரப்புவீங்களா? தண்ணீர் பழைய விரிசலுக்குள் நிற்கும், அவ்வளவுதான். உள்ளே எரிவாயு இருந்தால் முதல் சில ஆயிரம் பேரல் அதை அமுக்கவே போயிடும், அழுத்தமானி அசையாது. சுலபமாக வாங்குகிற நாலைந்து விரிசல்தான் பெரும்பங்கைக் குடிக்கும். கோடிப் பக்கம் காய்ந்தே கிடக்கும்.

ஷேல்வாசி:
விரிசல் நிரம்பினாலே பாதி வேலை முடிஞ்சது. காலியான விரிசல்தான் சேயின் மணலையும் திரவத்தையும் உறிஞ்சுது. விரிசல் திறக்கும் அழுத்தத்துக்குக் கீழேயே மெதுவாக ஏற்றி, பக்கத்து ஸ்டேஜ்கள் (சேயைப் பகுதி பகுதியாக ஃப்ராக் செய்யும் கட்டங்கள்) முடியும் வரை நிறுத்தாமல் பிடிக்கணும். முன்னாடியே பம்பை அணைத்தால் கசிந்து போயிடும்; பலரும் சொதப்புவது இங்கேதான்.

மூன்றாம் ஷிப்ட்:
தகைவுச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும், வெல்ஹெட்டை (கிணற்றின் மேல்வாய்க் கருவி) பாருங்க. ஃப்ராக் அழுத்தம் ஆழத்தில் அடிக்கு 0.8 பிஎஸ்ஐ என்றால் அடியில் 8000 பிஎஸ்ஐ. கிணறு முழுக்கத் தண்ணீர் இருந்தால் அதன் எடை 4330ஐக் கழித்து மேலே வருவது 3670தான். வாயு நிரம்பிக் கிடந்தால் 6500ஐத் தாண்டும், 5000 மதிப்பீட்டு வெல்ஹெட் தாங்காது. வேறு எதுக்கு இல்லாட்டியும் இதுக்காகவே ஏற்றலாம். ராட் (பம்பை இயக்கும் கம்பி), இஎஸ்பியை (உள்ளே மூழ்கிய மின்பம்ப்) முன்கூட்டியே வெளியே எடுக்கணும். மணல் வந்து இறுகினால் பிறகு மீட்பது தனி வேலை.

நானோடார்சி:
அதுக்கு பிளக் (கிணற்றை உள்ளே அடைக்கும் அடைப்பான்) போதுமே சார். என் பார்வையில் நோய் சேய்க் கிணற்றில். ஒரு ஸ்டேஜில் ஒரே கிளஸ்டர் (கிணற்றின் உள்குழாயான கேசிங்கில் போட்ட துளைக் கூட்டம்) மொத்தத்தையும் விழுங்கினால் அந்த விரிசல்தான் 660 அடி ஓடும். நிமிஷத்துக்கு 90 பேரல், 0.38 அங்குலத்தில் 30 துளை, வெளியேற்றக் கெழு (துளை எவ்வளவு தாராளமாகத் திரவத்தை விடுது என்ற எண்) 0.75 என்றால் துளை உராய்வு சுமார் 1500 பிஎஸ்ஐ. அந்தத் தடைதான் கிளஸ்டர்களுக்குச் சமமாகப் பங்கு போடுது.

மூன்றாம் ஷிப்ட்:
மணல் ஓட ஆரம்பிச்சதும்? துளை 0.45க்குத் தேய்ந்து கெழு 0.9 ஆனால் அதே 1500, 540 ஆயிடும். அடிப்பக்கத் துளைகள் அதிகம் தேயும். ஸ்டேஜின் கடைசியில் பங்கீடு குலைஞ்சுடும்.

நானோடார்சி:
அதனால்தான் தொடக்கத்தில் 2000க்குக் குறையாமல் வடிவமைக்கணும். பலனைப் பார்க்க வழி இருக்கு: அதே பேடில் (கிணறுகள் சேர்ந்திருக்கும் தளம்) தோண்டி முடித்து, கேசிங்கில் இன்னும் துளை போடாத கிணற்றைத் தண்ணீரால் நிரப்பி மூடி, மேலே துல்லிய அழுத்தமானி. விரிசல் கேசிங்கைத் தொட்டதும் சில பிஎஸ்ஐ துள்ளும். அதுவரை எத்தனை பேரல் போச்சு என்பதுதான் விடை. கம்மியிலேயே துள்ளினால் ஒற்றை விரிசல் ஓடுது.

ஷேல்வாசி:
அந்த அளவை ஏற்கிறேன். ஆனால் தாயிலும் மானி வேணும். அங்கே சில பத்து பிஎஸ்ஐ மெதுவாக ஏறினால் பாறை நெருக்கம் மட்டும். நிமிஷங்களில் நூற்றுக்கணக்கில் பாய்ந்தால் திரவமே வந்துடுச்சு. பாயுற ஸ்டேஜுக்கு அடுத்ததிலேயே அளவைக் குறைங்க, இல்லேன்னா டைவர்ட்டர் (அதிகம் குடிக்கும் துளையைத் தற்காலிகமாக அடைக்கும் பொருள்) போடுங்க. ஏற்றுற தண்ணீரையும் சோதிக்காமல் விடாதீங்க: பேரியம் உள்ள பாறைநீரில் சல்ஃபேட் நீர் கலந்தால் படிவு கட்டும், தாயே அடைச்சுக்கும்.

நானோடார்சி:
அந்தக் கடைசி வரிக்காகவே நான் ஏற்றச் சொல்ல மாட்டேன்.